ஏழில் எந்த நான்கும்

யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம் என்னும்படி ஒரு காரியத்தை அமைத்துவிட்டால், அந்தக் காரியத்தில் இருப்பவர்களுக்கு ஒருவரோடு ஒருவர் என்ன உறவு மிஞ்சும்? அன்புக்கரசியைப் பக்கத்திலிருந்து பார்த்த விமலாராணிக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வந்தது. பொம்மை செய்கிறவருக்கு இதையெல்லாம் யோசிக்க ஏது நேரம் என்று கேட்கத் தோன்றும். சரக்கு சூளைக்குள் போன பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எல்லோருமே கொஞ்சம் யோசிக்கிறவர்கள்தான்.

விமலாராணி செய்வது குடில் பொம்மைகள். மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு என்று செட்டாகச் செய்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் ஊராக அனுப்புவார். பக்கத்துப் பட்டறைகளில் கொலு பொம்மைகள், அதற்கடுத்து மின்கம்பத்துப் பீங்கான், ஃபியூஸ் கட்டை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீளச் சூளை. சரக்கு ஏற்றிய இரும்பு வண்டிகள் அதன் ஒரு முனையில் நுழைந்து, மெல்ல நகர்ந்து, மறுமுனையில் வெந்து வெளியே வரும். புது வண்டியை உள்ளே தள்ளும்போது மணி அடிப்பார்கள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் உள்ள நேரத்துக்குப் பேட்டையில் ‘ஒரு தள்ளு’ என்று பெயர். டீ குடிக்கப் போனவர் ஒரு தள்ளில் வந்துவிடுவார். பிளாஸ்டர் அச்சு இறுக இரண்டு தள்ளு ஆகும். கையில் கடிகாரம் கட்டியவர்கள்கூடத் தள்ளில்தான் பேசினார்கள்.

பேட்டைச் சங்கத்தின் கட்டடத்தில், எல்லோரும் சேர்ந்து வாங்கிய செதுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் உள்ள உருவத்தை அப்படியே கட்டையில் செதுக்கித் தரும். அந்தக் கட்டை உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். பட்டறைக்கு ஒரு முறை என்று வைத்து, வரிசைப்படி இயந்திரத்தைக் கொடுத்தார்கள். தன் முறை வரும்போது உருவத்தின் ஃபைல் கையில் இல்லாதவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். உருவ ஃபைல்கள் மிகப் பெரியவை. முன்பு சங்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். ஒரு ஐப்பசி இடியில் அது கருகிப்போனது. பேட்டையின் அத்தனை உருவங்களும் அதோடு போயின. பிறகு அவரவர் பட்டறைக் கம்ப்யூட்டரில் அவரவர் வைத்துக்கொண்டார்கள். சூளைக் காற்றாடி சுழல ஆரம்பித்தால் மின்சாரம் தொய்யும், கம்ப்யூட்டர் படுத்துவிடும். முறை போய்விடும்.

இந்த நிலைமையில்தான் அன்புக்கரசி பேட்டைக்குள் வந்தார்.

அவர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். அப்பா ஆதிநாராயணன் நெல்லும் கரும்பும் போடுபவர். விருத்தாசலத்துப் பள்ளிக்கூடத்துக்கு மகள் பஸ்ஸில் போய் வர வேண்டியிருந்தபோது, தெரிந்த கண்டக்டர் இருக்கும் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அவர் கண்டிப்பாக இருந்தார். அந்த பஸ் என்றைக்கும் தாமதம். மகளோ ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸோ, டவுன் பஸ்ஸோ, எது முதலில் வந்து நிற்கிறதோ அதில் ஏறிவிடுவார். வீட்டில் இதற்காக நாள் தவறாமல் சண்டை நடந்தது. ஸ்கூலுக்குப் போகத்தான் பஸ்ஸா, பஸ்ஸில் போகத்தான் ஸ்கூலா என்று அம்மா கொளஞ்சியம்மாள் ஒருநாள் கேட்ட பிறகு ஆதிநாராயணன் விட்டுவிட்டார். இதிலிருந்துதான் அன்புக்கரசியின் பிற்கால வேலை முளைத்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். அவர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. பஸ்ஸில் போன எத்தனையோ பெண்கள் வேறு எத்தனையோ ஆனார்கள்.

சிதம்பரத்தில் என்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஊரிலுள்ளவர்களின் படம், பாட்டு, ஆவணம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது திருப்பிக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். ஒரு ஃபைலைத் துண்டுகளாக்கிப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைப்பார்கள். திருப்பிக் கேட்கும்போது பெரும்பாலான துண்டுகள் சட்டென்று வந்துவிடும். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வேறு வேலையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். அந்த ஒன்று வரும்வரை மற்றவை வந்தும் பயனில்லை. கேட்டவர் மொத்தமும் மெதுவாக இருக்கிறது என்று திட்டுவார். அன்புக்கரசி இருந்த குழு இதற்கு வழி பார்த்தது. துண்டுகளை அப்படியே வைக்காமல், ஒன்றோடொன்று கணக்காகக் கலந்து, தேவைக்கு மேல் சில துண்டுகள் உண்டாக்கினார்கள். எல்லாக் கம்ப்யூட்டர்களிடமும் ஒரே நேரத்தில் கேட்பது. முதலில் வந்த சில துண்டுகள் போதுமான அளவு ஆனதும் முழு ஃபைலையும் கணக்குப் போட்டு மீட்டுவிடுவது. மீதி வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவது. தாமதிக்கிறவர் யாராக இருந்தாலும் அவரால் யாருக்கும் தாமதம் இல்லை. இதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையில் அன்புக்கரசியின் பெயர் ஐந்தாவதாக இருந்தது. அவருடைய கணவர் பழமலைநாதன், விருத்தாசலம் ரயில்வே ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை செய்பவர், அந்த முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். மனைவி அதைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தார். கேட்டவர்களிடம் பழமலைநாதன் பீரோவைத் திறந்து காட்டினார்.

சென்னைக்கும் விருத்தாசலத்துக்குமாகச் சில வருஷம் ஓடிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அன்புக்கரசி ஊருக்கு வந்துவிட்டார். குடில் செட் ஒன்று வாங்க யாரோ சிநேகிதிக்காக விமலாராணியின் பட்டறைக்கு வந்தவர், அவருடைய முறை கண்ணெதிரே பறிபோவதைப் பார்த்தார். அடுத்த வாரம் திரும்பி வந்து, உங்கள் சங்கத்தில் பேச எனக்குக் கொஞ்ச நேரம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். விமலாராணி சங்கத்தின் செயலாளர். வாங்கிக் கொடுத்தார்.

அன்புக்கரசியின் யோசனை சுருக்கமானது. பேட்டையில் ஏழு பட்டறைகளில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒவ்வொரு உருவத்தையும் ஏழு துண்டுகளாக ஏழு இடத்திலும் வைப்போம். அந்த ஏழில் எந்த நான்கு கிடைத்தாலும் முழு உருவமும் வந்துவிடும். மூன்று பட்டறை இருட்டில் கிடந்தாலும் கவலை இல்லை. ஏழும் விழித்திருந்தால், வேகமான நான்கை வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் முழுசாக ஒரு காப்பி வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். அத்தனை இடம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. தவிர, உங்கள் புதுப் பிள்ளையார் கொலுவுக்கு முன்னாலேயே எதிர்ப் பட்டறைக்காரர் கையில் இருக்க உங்களுக்குச் சம்மதமா என்று அன்புக்கரசி திருப்பிக் கேட்டார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

அன்றைக்கு அவர் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு பொம்மையைத் தலை, உடம்பு, கை, கால் என்று பிரித்து, ஏழு வீடுகளில் வைத்திருப்பது போன்ற படம். எளிமையாக இருக்கட்டும் என்று போட்டது. அந்தப் படத்தை எல்லோரும் மனத்தில் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த தொல்லை அந்தப் படத்திலிருந்துதான் வந்தது.

முதல் சில மாதங்கள் பேட்டை நிமிர்ந்து நடந்தது. முன்பு இரண்டு தள்ளு பிடித்த ஃபைல் அரைத் தள்ளில் வந்தது. முறையை இழந்தவர் என்று யாரும் இல்லை. வேறு ஊர்களிலிருந்து சரக்கு எடுக்க வந்தவர்களிடம், சூளையைக் காட்டுவதற்கு முன்னால் சங்கத்துத் திரையைக் காட்டினார்கள். ஏழு பச்சைக் கட்டங்கள் ஓடுவதும், அதில் நான்கு நிறைந்ததும் உருவம் முழுசாக எழுந்து நிற்பதும் வந்தவர்களுக்குக் கண்கட்டு வித்தை போல இருந்தது. இது எங்கேயோ வாங்கியது இல்லை, எங்கள் ஏழு பட்டறையில் இருக்கிறது என்று சொல்லும்போது விமலாராணிக்குக் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும். அது தனக்கு வந்திருக்க வேண்டியதா என்று அவர் பிறகு யோசிப்பார். மிடுக்கு அதற்குள் வந்து போயிருக்கும்.

ஏழு கட்டங்களில் ஒன்று எப்போதும் கடைசியில்தான் நிறைந்தது. அது ராஜமாணிக்கத்தின் பட்டறை. மண் அரைக்கும் உருளைக்குப் பக்கத்தில், வெள்ளைத் தூசி மூடிய பழைய கம்ப்யூட்டர். வயர் சாலையைக் கடந்து மரத்து மேல் தொங்கிக்கொண்டு வந்தது. ராஜமாணிக்கம் கொலு செட் செய்பவர். தசாவதாரத்தில் அவர் கை நரசிம்மத்துக்கு ஈடு கிடையாது என்பதில் பேட்டைக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவருடைய துண்டு வருவதற்குள் மற்ற நான்கு வந்து வேலை முடிந்துவிடும். அவர் துண்டு ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை.

விமலாராணி அந்த வருஷம் குடிலில் ஒட்டகம் சேர்க்க முடிவு செய்தார். படுத்திருக்கும் ஒட்டகம், முதுகில் சேணம், கழுத்தில் மணி. உருவத்தை வரைய வைத்து வாங்கவே பல வாரம் ஆயிற்று. அவருடைய முறை வந்தது. இயந்திரத்தை ஓட்டும் பிரின்ஸ் கட்டையை மாட்டிவிட்டுத் தயாராக நின்றான். அன்புக்கரசியும் இருந்தார். ஃபைலைக் கேட்டார்கள். மூன்று கட்டங்கள் நிறைந்தன. நான்காவது அசையவில்லை.

சூளை மணி அடித்தது. பிறகு மறுபடி அடித்தது.

“ஒட்டகம் பாலைவனத்துலேருந்து நடந்தே வருது போலக்கா” என்றான் பிரின்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. விமலாராணியின் முறை போயிற்று. வரிசையின் கடைசி என்றால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து வாரங்கள் தொடங்கிவிடும். ஒட்டகம் இல்லாமல்தான் அந்த வருஷக் குடில் போக வேண்டும். சங்கத் தலைவர் திருமால் மின்கம்பத்துப் பீங்கான் செய்பவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவர் வந்து திரையைப் பார்த்தார்.

“ஏழு பேர்ல எந்த நாலு பேரும் போதும்னீங்க. ஏழு பேரும் இங்கதான் இருக்காங்க. ஃபைலைக் காணும்.”

அன்புக்கரசி ஒவ்வொரு பட்டறையாகப் போய்ப் பார்க்கக் கிளம்பினார். விமலாராணியும் கூடப் போனார், கோபத்தோடுதான். ஒரு பட்டறையில் மின்சாரம் இல்லை. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இன்னும் ஆறு இருக்க வேண்டும். ஆனால் இரண்டு பட்டறைகளில் ஒட்டகத்தின் துண்டு மட்டுமல்ல, எந்த உருவத்தின் துண்டுமே இல்லை. பெட்டி துடைத்து வைத்தது போல இருந்தது. மூன்றாவதாக ராஜமாணிக்கத்தின் பட்டறைக்கு வந்தார்கள். அங்கேயும் அப்படித்தான். வேண்டாதவர் யாரோ வெளியிலிருந்து புகுந்துவிட்டார்கள் என்று விமலாராணி பயந்துவிட்டார்.

ராஜமாணிக்கம் கையில் களிமண்ணோடு எழுந்து வந்தார். முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“நான்தாம்மா எடுத்துப் போட்டேன். தெனம் சாயந்திரம் பூட்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா திறந்து பாக்குறேன். தலையும் இல்ல, காலும் இல்ல, பூச்சி பூச்சியா ஏதோ ஓடுது. கெட்டுப் போன சரக்க வூட்ல வெச்சிருக்க முடியுமா? அந்த ரெண்டு பேருகிட்டயும் நான்தான் சொன்னேன், பாத்துக் கழிச்சுடுங்கன்னு.”

இதைத் தவறு என்று சொல்ல வேறு எந்த ஊர்க்காரருக்கும் எளிது. பேட்டையில் அது எளிதில்லை. சூளையிலிருந்து வரும் சரக்கை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல். விரிசல் விட்டதைக் கண்ட உடனே அந்த இடத்திலேயே உடைத்துச் சில்லுக் குவியலில் எறிந்துவிட வேண்டும். ஒரு ராத்திரி அதை உள்ளே வைத்திருந்தால் மறுநாள் யார் கையாலாவது பெட்டிக்குள் போய்விடும். பட்டறையின் பெயர் கெட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ராஜமாணிக்கம் அந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டருக்கும் பொருத்தினார். தலை, உடம்பு, கை, கால் என்று அன்புக்கரசிதானே படம் போட்டுக் காட்டியிருந்தார்? திறந்தால் ஒரு காலாவது தெரிய வேண்டாமா?

அன்புக்கரசி கோபப்படுவார் என்று விமலாராணி எதிர்பார்த்தார். அவர் தூசி படிந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தான் போட்ட படம் தப்பு என்று சொன்னார். பிறகு, விமலாராணியின் பட்டறையிலிருந்து ஒரு ராஜாவையும் ஒரு மாட்டையும் கொண்டுவரச் சொல்லி, மண் நிறுக்கும் தராசில் இரண்டையும் சேர்த்து வைத்தார். முள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்தார். மாட்டை எடுத்துத் தன் மடியில் மறைத்துக்கொண்டார்.

“மாடு உடைஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. ராஜா மட்டும் இருக்குது. மாட்டோட எடை என்னன்னு சொல்ல முடியுமாங்க?”

“சேந்த எடைதான் தெரியுமே. ராஜாவக் கழிச்சுட்டா மாடு” என்றார் ராஜமாணிக்கம்.

“ராஜா உடைஞ்சுட்டா?”

“மாட்டக் கழிக்கணும்.”

“அந்தச் சேந்த எடை இருக்குதுல்ல, அது ராஜாவும் இல்ல, மாடும் இல்ல. தனியாப் பாத்தா அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா எது வரலன்னாலும் அது எடத்துல நிக்கும். மாடு வர லேட்டாவுதுன்னா நாம நிக்க வேணாம். ராஜாவும் சேந்த எடையும் முன்னாடி வந்தா மாட்ட நாமே கணக்குப் போட்டுக்கலாம். உங்ககிட்ட நான் வெச்சிருந்தது எல்லாம் அந்த மாதிரி சேந்த எடைங்க. அதத்தான் நீங்க எறிஞ்சிட்டீங்க.”

ராஜமாணிக்கம் குனிந்து தராசில் இருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்தார். பொம்மை செய்கிறவருக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது என்பதை விமலாராணி கவனித்தார். தசாவதாரத்துக்கு உடைசலுக்கென்று கூடுதலாக இரண்டு நரசிம்மம் செய்து வைப்பார்கள். சூளையில் உடைவது கூர்மமாக இருக்கும். செட் அரைகுறையாக நிற்கும். எது உடைந்தாலும் அதன் இடத்தில் போய் நிற்கிற ஒரு பதினோராவது பொம்மை உண்டு என்று சொன்னால், அதன் அருமை இந்த ஊருக்கு விளங்குகிற மாதிரி வேறு யாருக்கு விளங்கும்?

மின்சாரம் வந்ததும், மிஞ்சியிருந்த நான்கு பட்டறைகளின் துண்டுகளை வைத்து, எறிந்துவிட்டவை எல்லாவற்றையும் அன்புக்கரசி மறுபடி உண்டாக்கிவிட்டார். ஒரு உருவமும் போகவில்லை. ஆனால் நம்பிக்கை அப்படித் திரும்பவில்லை. டீக்கடையில் ராஜமாணிக்கத்தை விடவில்லை. அண்ணன் வூட்டுக்குப் போறப்ப செருப்பக்கூட வெளிய விடாதீங்க, தட்டிப் பாத்து எறிஞ்சிடுவாரு என்றார்கள். அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அன்புக்கரசி பேட்டைக்கு வந்தபோது சாலையில் நிறுத்திப் பேசினார். விமலாராணி கூட இருந்தார்.

“என் மிஷின எடுத்துடும்மா. நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். உன் கணக்கே அதானே?”

கேலியாகச் சொல்லவில்லை, கணக்கு விளங்கியதால் சொன்னார். அன்புக்கரசி, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

திருமால் சங்கத்தைக் கூட்டினார். வெளியூர்க் கம்பெனி ஒன்றில் இடம் எடுத்து எல்லா உருவங்களையும் அங்கே வைத்துவிடலாம், இந்தத் தொல்லை வேண்டாம் என்பது அவர் கட்சி. பாதிப் பேர் தலையாட்டினார்கள். அது நடந்தால் அன்புக்கரசி ஏழு பட்டறைகளிலும் இழுத்துக் கட்டிய வயர்களை அவரே சுருட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். சென்னைக் கட்டுரையில் அவர் பெயர் ஐந்தாவது. இந்தப் பேட்டையில் இருப்பது ஒன்றுதான் முழுக்க அவருடையது. அவர் வாயால் அதைச் சொன்னதில்லை என்றாலும் அந்தக் கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். விமலாராணி எழுந்து, ஒட்டகத்தை இழந்தது நான், நானே கேட்கிறேன், இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். திருமால் நியாயமான ஆள். ஒத்துக்கொண்டார்.

“சரிங்க. எங்க முன்னாடியே மூணு மிஷின நிறுத்துங்க. எந்த மூணுன்னு நீங்களே எடுத்துக்குங்க. மணி அடிச்சதும் கேளுங்க. அடுத்த மணிக்குள்ள வந்துட்டா உங்களதே இருக்கட்டும். வரலன்னா இதோட விட்ருவோம்.”

அது அன்புக்கரசிக்கு இடம் கொடுத்துச் சொன்னது என்பது எல்லோருக்கும் புரிந்தது. மெதுவான மூன்றை நிறுத்திவிட்டால் வேகமான நான்கு மீதி இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் ஃபைல் வந்து நிற்கும். ராஜமாணிக்கத்தின் மிஷினை முதலில் நிறுத்துவார் என்று பிரின்ஸ் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதாகப் பின்னால் சொன்னான். அதில் இன்னொரு லாபமும் இருந்தது. ராஜமாணிக்கமோ, அவர் பேச்சைக் கேட்ட இருவரோ பழைய பழக்கத்தில் மறுபடி எதையாவது கழித்திருந்தால்கூட வெளியே தெரியாது.

குறித்த நாளில் சங்கக் கட்டடம் நிறைந்திருந்தது. ராஜமாணிக்கம் கடைசி வரிசையில் கதவோரம் நின்றார். வரச் சொல்லி விமலாராணி ஆளனுப்பியிருந்தார். எந்த உருவத்தைக் கேட்பது என்பதைத் திருமால் சொன்னார். ஒட்டகம். பேட்டையிலேயே பெரிய ஃபைல் அதுதான்.

அன்புக்கரசி திரையின் முன்னால் உட்கார்ந்து மூன்று மிஷின்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாக நிறுத்தினார். முதலில் விமலாராணியினுடையது. அடுத்தது திருமாலுடையது. மூன்றாவது சங்கத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த நடராசனுடையது. ஏழில் வேகமான மூன்றும் அவைதான். மீதி இருந்த நான்கில் ஒன்று அன்றைக்கு மின்சாரம் போன பட்டறை. மற்ற மூன்று, துண்டுகளை எறிந்த பட்டறைகள். ராஜமாணிக்கத்தினுடையது அதில் ஒன்று. நான்கில் நான்கும் வந்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் முடிந்தது.

என்ன இது என்று நடராசன் வாயைத் திறந்தார். விமலாராணி அவர் கையை அழுத்தினார். தன் மிஷின் நிறுத்தப்பட்டதில் விமலாராணிக்கும் முதலில் வந்தது வருத்தம்தான்.

மணி அடித்தது.

மூன்று கட்டங்கள் மெல்ல நிறைந்தன. முன்பு பழகிய வேகம் இல்லை. நான்காவது அசையவில்லை. அன்று ஒட்டகத்துக்கு நின்றதைப் போலவே எல்லோரும் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தன. ராஜமாணிக்கம் யாரையும் பார்க்கவில்லை. வெளியே, மரத்து மேல் போகிற வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேட்டையில் அவருக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. அவருடைய துண்டுக்காக முப்பது நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

கட்டத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அது நகர்ந்தது. நின்றது. பிறகு நகர்ந்தது. நிறைந்தது. ஒட்டகம் சேணத்தோடும் கழுத்து மணியோடும் திரையில் எழுந்தது. சூளை மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

பிரின்ஸ்தான் முதலில் கை தட்டினான். திருமால் திரைக்குக் கிட்டே போய், ஒட்டகத்தைச் சுற்றிப் பார்ப்பவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, விமலாராணியின் முறையை அன்றைக்கே கொடுக்கும்படி சொன்னார். வெளியூர்க் கம்பெனியின் பேச்சை அவர் எடுக்கவில்லை. பின்பு கதவோரம் போய், ராஜமாணிக்கத்தை டீக்குக் கூப்பிட்டார். விமலாராணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையும் எளிதில் பாராட்டிவிடாதவர் அவர். தன் சொந்த ராஜாக்களைக்கூட ‘பரவாயில்லை’ என்று சொல்லித்தான் பெட்டியில் அடுக்குவார். இப்படி ஒரு பெண் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தாள் என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லத் தோன்றியது. கட்டை செதுக்கும் சத்தம் தொடங்கிவிட்டதால் சொல்லாமல் விட்டார்.

எல்லோரும் போன பிறகு, நிறுத்திய மூன்று மிஷின்களையும் அன்புக்கரசி மறுபடி இயக்கினார். விமலாராணி பக்கத்தில் வந்து நின்றார். மெதுவானதை நிறுத்தியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்களே என்று சொல்லிப் பார்த்தார். அன்புக்கரசி ஆமாம் என்று தலையசைத்தார்.

“முன்னாடியே பாத்து வெச்சுட்டியா அன்பு? அவருகிட்ட துண்டு இருக்குதான்னு?”

உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு பொத்தானை அழுத்தினால், யாரிடம் எது இருக்கிறது என்று பார்த்துவிடலாம். விமலாராணிக்கு அது தெரியும். பார்த்துவிட்டுச் செய்திருந்தால் அது கெட்டிக்காரத்தனம். பார்க்காமல் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

“அந்த மரத்து மேல போற வயரு இத்துப் போச்சுக்கா. மழைக்கு முன்னாடி மாத்திடணும்” என்றார் அன்புக்கரசி.

வாரக் கடைசியில் பழமலைநாதனைக் கூட்டிக்கொண்டு வந்து வயரை மாற்றினார். ராஜமாணிக்கத்தின் மிஷினை மட்டும் அதே இடத்தில் விட்டார். அது இன்றைக்கும் ஏழில் கடைசியாகத்தான் வருகிறது. அது வருவதற்குள் மற்ற நான்கில் வேலை முடிந்துவிடுகிறது. விமலாராணி அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை அதே கேள்வியைக் கேட்டார், ஒருமுறை கருவேப்பிலங்குறிச்சியில் அன்புக்கரசியின் அப்பா அம்மா எதிரிலேயே. அன்புக்கரசி ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சுக்குப் போனார். அந்த மூன்றை ஏன் நிறுத்தினார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.